கத்தரிக்காய்க்கு ஏற்ற வண்டி

கோணக்கரட்டுக்காரர்கள் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. நினைப்பதே அவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்பதும் ஒரு காரணம். மற்றபடி கத்தரிக்காய் விளைவிப்பதில் அந்த வட்டாரத்தில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஊதாவில் வெள்ளை வரி ஓடிய காய். எண்ணெயில் விழுந்தால் வெண்ணெய் மாதிரி குழையும்.

அந்த ஊரில் கத்தரி விவசாயிகள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் நாலு பேர். தலைவர் வீரணன், ஆள் நல்ல உருண்டை. செயலாளர் பொம்மையன், எழுதத் தெரிந்தவர் என்பதால் யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிவிடுவார். சடையாண்டியிடம் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. காமுத்தாய்தான் நாலு பேரிலும் கெட்டிக்காரர். இதை அவரே சொன்னார், மற்ற மூவரும் ஒத்துக்கொண்டார்கள்.

சங்கத்துக்கு ஒரு பழைய வேன் இருந்தது. போன மாதம் சந்தைக்குப் போகும் வழியில் அதன் அடித்தகடு துருப்பிடித்துக் கழன்று விழுந்து, ஏற்றிய காய் முழுவதும் ரோட்டிலேயே தங்கிவிட்டது. பாரம் குறைந்ததும் வேன் துள்ளி ஓடியது. இன்றைக்கு வண்டி நல்ல மூடில் இருக்கிறது என்று சடையாண்டி சந்தோஷப்பட்டுக்கொண்டே ஓட்டினார். சந்தையில் இறங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றோடு வேன் படுத்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து டவுனில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ராமசுப்பு பெரிய ஆர்டர் கொடுத்தார். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், முப்பது கூடை கத்தரிக்காய். காலை எட்டு மணிக்குக் காய் மண்டபத்தில் இறங்காவிட்டால் இனி என்றைக்கும் பக்கத்து ஊரிலேயே வாங்கிக்கொள்வேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுடையதையும் கத்தரிக்காய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது கோணக்கரட்டுக்குத் தெரியும். வீரணனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஒரு பிக்கப் வண்டி வாங்குவது என்று முடிவானது. டவுனில் இரண்டு கம்பெனி. ஒன்று ‘ராஜாளி’ விற்கிறது, இன்னொன்று ‘ஐராவதம்’ விற்கிறது. இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஆளுக்கொரு புது வண்டியோடு ஊருக்கு வந்து நின்றார்கள். ஓட்டிப் பார்ப்பதற்காக வெள்ளி வரைக்கும் வண்டியை விட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னார்கள்.

ராஜாளிக்காரர் தன் வண்டி லிட்டருக்குப் பதினாறு கொடுக்கும் என்றார். ஐராவதக்காரர் தன்னுடையது பதினெட்டு கொடுக்கும் என்றார். சொகுசில் நாங்கள்தான் என்று இவரும், நம்பகத்தில் நாங்கள்தான் என்று அவரும் மாறி மாறிச் சொன்னார்கள். கடைசியாக இரண்டு பேருமே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க,” என்றார்கள். பொம்மையன் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

முதலில் நம்பகம். ஒருத்தரை நம்பலாமா கூடாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று வீரணன் கேட்டார். பொருளை வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்க்க வேண்டியதுதான் என்றார் காமுத்தாய். அப்படியே செய்தார்கள். இரண்டு வண்டியின் சீட்டிலும் ஒவ்வொரு சீப்பு வாழைப்பழம் வைத்து, கதவைத் திறந்து போட்டுவிட்டு, நாலு பேரும் பம்ப்செட் அறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். நல்ல நிழல். கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் தூங்கிவிட்டார்கள்.

விழித்துப் போய்ப் பார்த்தால், ராஜாளியில் வைத்த பழம் வைத்தபடி இருந்தது. ஐராவதத்தில் தோல்கூட மிச்சமில்லை. சீட்டில் ஆட்டுப்புழுக்கை கிடந்தது.

“ஆடு வந்திருக்கு அண்ணே,” என்றார் சடையாண்டி.

“ஆடு எல்லா வண்டிக்கும்தான் வந்திருக்கும். ராஜாளி கொடுக்கல. இது எடுத்துக் கொடுத்திருக்கு,” என்றார் காமுத்தாய்.

ஐராவதம் திருடியதா, தர்மம் செய்ததா என்பதில் வெகுநேரம் பேச்சு நடந்தது. அடுத்தவர் பொருளில் தர்மம் செய்வதும் தப்புதான் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பொம்மையன் நோட்டில் எழுதினார்: ராஜாளி யோக்கியம். ஐராவதம் கை நீளம், மனசு இளகியது.

புதன்கிழமை, வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டிலும் ஒரு லிட்டர் டீசல் ஊற்றி, நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து வைத்தார்கள். எந்தப் பக்கமாகக் கொடுக்கும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லாமல் போய்விட்டதால் வண்டியைச் சுற்றி நாலு புறமும் அண்டா வைத்து, அடியிலும் ஒரு தாம்பாளம் வைத்தார்கள். சடையாண்டி கண்ணில் பட்ட பொத்தான்களையெல்லாம் அமுக்கியிருந்தார். அதில் ஏசியும் ஓட ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் தாம்பாளத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

பதினாறும் பதினெட்டும் எங்கே என்று பொம்மையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காமுத்தாய் அவரை அமர்த்தினார். வீட்டுக்கு ஆள் வந்தால் நாமும் முதலில் தண்ணீர்தானே கொடுக்கிறோம், மற்றதெல்லாம் பின்னால் வரும், பொறு என்றார். டீசல் தீரும்வரை அண்டாக்களைச் சுற்றி உட்கார்ந்து பொறுத்தார்கள். நோட்டில் ஏறியது: இரண்டும் தண்ணீர் கொடுத்தன. சாப்பாடு போடவில்லை.

மிச்சம் இருந்தது சொகுசு. வண்டியில் யார் சொகுசாக இருக்க வேண்டும் என்பதிலேயே கேள்வி வந்தது. ஓட்டுகிறவன்தான் என்றார் சடையாண்டி. ஓட்டுகிறவன் ஒருத்தன், ஏறுகிற காய் ஆயிரக்கணக்கு. அதனால் காயைத்தான் கேட்க வேண்டும் என்றார் வீரணன். காய் வாய் திறந்து சொல்லாது. சொல்லத் தெரிந்த காய் ஒன்று வேண்டும். எல்லோரும் யோசித்துக்கொண்டே மெதுவாகத் தலைவர் பக்கம் திரும்பினார்கள். உருவத்தில் அவருக்குத்தான் பொருத்தம் அதிகம். அன்று பார்த்து ஊதாச் சட்டை வேறு போட்டிருந்தார்.

வீரணன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற ஆளில்லை. வியாழக்கிழமை காலை ராஜாளியின் பின்தட்டில் ஏறிப் படுத்துக்கொண்டார். கத்தரிக்காய் எதையும் பிடித்துக்கொள்ளாது என்பதால் அவரும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. சடையாண்டி வண்டியைக் கரட்டுப் பாதையில் விட்டார். மேலே போய்ப் பார்த்தால் பின்தட்டு காலி.

மூன்று பேரும் பதறிப்போய்த் திரும்பி வந்தார்கள். பாதிவழியில், எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில், தலைவர் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. அடி பட்டதா என்று கேட்டார்கள். பதில் இல்லை. எழுந்திருங்கள் என்றார்கள். அசையவில்லை. அப்புறம்தான் காமுத்தாய்க்குப் பளிச்சென்று புரிந்தது. குனிந்து காதோரமாக, “கத்தரிக்கா வேலை முடிஞ்சுது அண்ணே, இனிமே நீங்க பேசலாம்,” என்றார்.

வீரணன் எழுந்து மண்ணைத் தட்டினார். “கீழ விழுந்த கத்தரிக்கா எந்திரிச்சு நடந்து வந்து நீ பாத்திருக்கியா? அரை மணி நேரமா எறும்பு கடிக்குது, நானும் காயாத்தான கெடந்தேன்,” என்றார். அவருடைய ஒழுங்கைக் கண்டு மற்றவர்களுக்குக் கண் கலங்கியது.

அடுத்து அவரை ஐராவதத்தில் ஏற்றினார்கள். அதன் பக்கத்தட்டு உயரம், ஆள் விழவில்லை, அங்குமிங்கும் உருண்டார். ஆக நம்பகத்தில் ராஜாளி, சொகுசில் ஐராவதம். ஆளுக்கு ஒன்று. நோட்டை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் சமமாகவே இருந்தது. விடிந்தால் முகூர்த்தம்.

அப்போதுதான் பொம்மையன் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்களே, இத்தனை நாளும் நாம் தனித்தனியாகவல்லவா பார்த்திருக்கிறோம் என்றார். எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ராஜாளியில் பதினைந்து கூடை, ஐராவதத்தில் பதினைந்து கூடை ஏற்றினார்கள். வழியில் ஒன்றை ஒன்று முந்திவிடக் கூடாது என்று கிணற்று வடத்தை எடுத்து வந்து நடுவில் கொஞ்சம் தளர விட்டு இரண்டு வண்டியையும் பக்கவாட்டில் இணைத்துக் கட்டினார்கள். சடையாண்டி ஒன்றை ஓட்டுவார். இன்னொன்றை யார் ஓட்டுவது? பொம்மையனுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், ஆனால் லைசென்ஸ் இல்லை.

“அது ஒண்ணும் சிக்கல் இல்ல. லைசென்ஸ் உள்ள வண்டியோட கட்டியாச்சுல்ல. ரெண்டும் ஒரே வண்டிதான்,” என்றார் காமுத்தாய்.

ஊர்ப் பொட்டலில் அகலம் தாராளம். இரண்டு வண்டியும் ஜோடி மாட்டைப் போல அழகாகப் போயின. பொட்டல் முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. சடையாண்டி மரத்துக்கு இந்தப் பக்கமாகப் போனார். பொம்மையன் அந்தப் பக்கமாகப் போனார். இரண்டு பேர் செய்ததும் சரிதான். வடம் மட்டும் மரத்தில் மாட்டிக்கொண்டது.

இரண்டு வண்டிகளும் மரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி, நேருக்கு நேராக முட்டி நின்றன. யாருக்கும் அடியில்லை, ஒரு காய்கூட நசுங்கவில்லை. இரண்டு முகப்பிலிருந்தும் சமமாக ஆவி கிளம்பியது. “இதுலயும் சமம்,” என்று பொம்மையன் வண்டிக்குள்ளிருந்தே எழுதினார். ஆனால் எந்த வண்டியும் கிளம்பவில்லை. மணி ஆறேமுக்கால். வீரணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் கூடை கூடையாகக் கத்தரிக்காய் இறக்குவது அவர் கண்முன்னால் வந்து வந்து போயிற்று.

ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் பெயர் தங்கமாரி. பழுதான வண்டிகளைத் தூக்கிப் போகிற ரெக்கவரி லாரி ஓட்டுகிறவர். எதுவும் கேட்காமல் ராஜாளியைத் தன் லாரியின் மேல் இழுத்து ஏற்றினார், ஐராவதத்தைப் பின்னால் கொக்கியில் மாட்டினார், ஏறி உட்காருங்கள் என்றார்.

லாரி புறப்பட்டது. வீரணனும் காமுத்தாயும் லாரிமேல் நின்ற ராஜாளிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இருவரும் பின்னால் ஐராவதத்தில். ஒரு குலுக்கல் இல்லை. என்ஜின் சத்தம் இல்லை. கண்ணாடி வழியே தோப்புகளெல்லாம் கீழே தெரிந்தன. பின்னால் சடையாண்டி ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்துக்கொண்டு சின்னதாக ஒரு தூக்கம்கூடப் போட்டார். ஏழேமுக்காலுக்கு மண்டபத்து வாசல். ராமசுப்பு காயை எடுத்து முகர்ந்து பார்த்து, இந்த மாதிரிக் காய் வருமென்றால் வாரா வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாலு பேருக்கும் பந்தியில் இலை போடச் சொன்னார்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வீரணன் சொன்னார். மூன்று நாளாக இரண்டு வண்டியையும் பார்த்தாயிற்று. ஓடும்போது ஆளைக் கீழே தள்ளிற்று, உருட்டிற்று, ஒன்றோடொன்று முட்டிற்று. நின்றுபோன பிறகுதான் சொன்ன நேரத்துக்குச் சொகுசாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. மற்ற மூவரும் சாம்பாரை மறந்து தலையாட்டினார்கள்.

வெளியே வந்து, அந்த லாரியையே விலைக்குத் தர முடியுமா என்று தங்கமாரியைக் கேட்டார்கள். அவர் முடியாது என்றார். தினமும் வருவீர்களா என்று கேட்டார்கள். வண்டி பழுதானால் கூப்பிடுங்கள், எப்போதும் வருவேன்; ஓடுகிற வண்டியைத் தூக்க எனக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் சேதி கேட்டு இரண்டு கம்பெனிக்காரர்களும் அலறியடித்து ஓடி வந்தார்கள். சோதனை வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் இருந்தது, ஆனாலும் முகம் வெளிறியிருந்தது. வீரணன் அவர்களை மரியாதையாக உட்கார வைத்துக் கேட்டார்.

“உள்ளதச் சொல்லுங்க. உங்க ரெண்டு வண்டில எது தெனமும் தவறாம நின்னுபோகும்?”

இரண்டு பேரும் ஆளுக்கொரு சத்தியம் செய்தார்கள், தங்கள் வண்டி பத்து வருஷமானாலும் நிற்கவே நிற்காது என்று. கோணக்கரட்டுக்காரர்கள் வருத்தத்தோடு எழுந்தார்கள். அப்படியென்றால் எங்களுக்குச் சரிப்படாது, நாங்கள் பழைய இரும்புக்கடையில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

பிறகு ராஜாளிக்காரர் குரலைத் தாழ்த்தி, “வெளிய சொல்லாதீங்க சார், எங்க வண்டி மழை பேஞ்சா நின்னுரும்,” என்றார்.

“எங்களுது வெயிலடிச்சாலே நின்னுரும்,” என்றார் ஐராவதக்காரர்.

கோணக்கரட்டில் மழை குறைவு. ஐராவதத்தையே வாங்கினார்கள்.

புது வண்டி வந்த மறுநாள் காலையில் காயை ஏற்றிவிட்டு, நாலு பேரும் ஏறி உட்கார்ந்து, தங்கமாரியின் நம்பரைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்கள். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. நல்ல வெயில் வேறு. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் சொந்தமாக ஓட்டிக்கொண்டுதான் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. வீரணன் பொறுக்கமாட்டாமல் கம்பெனிக்குப் போன் போட்டார்.

எடுத்த பெண், வண்டியில் என்ன பிரச்சினை என்று கேட்டது.

“ஓடுதும்மா,” என்றார் வீரணன்.

அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, எதற்கும் ஒரு மெக்கானிக்கை அனுப்பிவைப்பதாகச் சொன்னது.

மெக்கானிக் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார். கரட்டு ஏற்றத்தில் அவருடைய பைக் நின்றுபோய், மூன்று கிலோமீட்டர் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, பழுதான வண்டி எங்கே என்று கேட்டார்.

நாலு பேரும் எழுந்து பைக்கைச் சுற்றி வந்தார்கள். காமுத்தாய் அதன் சீட்டைத் தடவிப் பார்த்தார். பொம்மையன் நோட்டில் புதுப்பக்கம் திருப்பினார். கடைசியில் வீரணன் கைகட்டிக்கொண்டு மெக்கானிக் பக்கத்தில் போய், மெதுவாகக் கேட்டார்:

“தம்பி, இது என்ன கம்பெனி? இதுலயே நாலு சக்கரம் வச்சுத் தருவாங்களா?”