இரண்டாம் முறை சிக்கிய புறா

ஏரிப்புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கினால் கரையில் வெயில் விழாது என்பார்கள். சங்கிலி அதைக் கண்ணால் கண்டவர். வலை கட்டிப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

ஐம்பது வயதுக்கு மேல்தான் அவர் ஏரிக்கரை மடத்துப் பொற்கொடி அம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவருடைய மகள் வயது. ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. காலையில் தியானம், மாலையில் வலை. இரண்டையும் ஒழுங்காகவே செய்துவந்தார்.

வலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பருவத்தில் வலையில் விழும் முதல் பறவையை, இனம் பெருகட்டும் என்று, "வித்துக்குப் போ" என்று சொல்லிப் பறக்கவிட வேண்டும். அடுத்து விழுவதெல்லாம் பிடித்தவருக்குச் சொந்தம். சங்கிலி ஒரு பருவம்கூட இதை மீறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் ஏரிக்கு ஒரே ஒரு புறாதான் வந்தது. கரையைச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டது. எங்கிருந்தும் பதில் இல்லை.

ஒரு காலையில் சங்கிலி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

"நேத்து விழுந்துச்சு தாயே. வழக்கப்படி விட்டுட்டேன். இன்னிக்கு மறுபடியும் விழுந்து கிடக்கு."

"அதே புறாவா?"

"அதேதான். நேத்து வலை அறுத்த காயம் கால்ல இருக்கு. முறைப்படி பார்த்தா இது ரெண்டாவது, எனக்குச் சேர வேண்டியது. ஆனா கழுத்தைத் திருக கை வரலை." துண்டை விலக்கிக் காயத்தைக் காட்டினார். "எங்க ஆளுங்க ஒருத்தரும் வழக்கத்தை மீறலையே. பின்ன எப்படித் தாயே இந்த இனம் அத்துப்போச்சு?"

பொற்கொடி அம்மாள் புறாவை வாங்கி, அதன் காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டார். வாசலுக்கு வந்து பறக்கவிட்டார். அது நேராக ஏரிப் பக்கம் போயிற்று.

சங்கிலி பதறினார். "அங்கேயேதான் போகுது. திரும்பவும் விழுந்துடும்."

"ஏன் அண்ணே, வலை இன்னும் கட்டித்தான் இருக்கா?"

குரு அதற்குள் கரையில் இறங்கி நடந்துகொண்டிருந்தார். சீடர் பின்னால் ஓடினார்.

வலைக் கம்பில் முடிச்சுகள் ஈரத்தில் இறுகிக் கிடந்தன. குரு குந்தி உட்கார்ந்து அவிழ்க்கத் தொடங்கினார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை.

"ஜோடி இல்லாத பறவை தாயே. இதை வச்சு இனம் பெருகாது."

"பெருகாது."

"பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

"இருக்கிறவரைக்கும் அது பறக்கட்டும். இதுக்குப் பின்னால நாரை வரும். அதுவும் பறக்கட்டும்."

சங்கிலி ஏரியைச் சுற்றிலும் பார்த்தார். கரை முழுக்க வலைகள். "என் ஒருத்தன் வலையை அவிழ்த்தா போதுமா? மத்தவங்க கேப்பாங்களா? ஊர்ல யாரும் செய்யாததை நான் எப்படிச் செய்ய?"

குரு முடிச்சிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"கையில கிடைச்ச பறவையை முதன்முதலா விட்டானே ஒருத்தன், அவன் யாரைக் கேட்டு விட்டான், அண்ணே?"

சங்கிலி எதிர்ப்பக்கத்துக் கம்பைப் பிடுங்கப் போனார்.