இரண்டாவது புடவை

“எந்தப் புடவையை வைக்கட்டும் அம்மா?”

தணிகாசலம் இரண்டு அட்டைப் பெட்டிகளையும் திறந்து காட்டினான். ஒன்று அரக்கு. இன்னொன்று மயில்கழுத்துப் பச்சை.

மடத்துத் துறவியான சாமியம்மா கிணற்றடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எதுக்கு வைக்க?”

“வர்ற வெள்ளிக்கிழமை பூவாடைக்காரிக்குப் படையல். கல்யாணத்துக்கு முந்தி செஞ்சே ஆகணும்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க.”

வீட்டில் பூவும் பொட்டுமாய்ச் செத்துப்போன பெண்ணுக்குச் செய்கிற படையல் அது. நீர்நிலைக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு, அவள் பெயரை மூன்று தடவை சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். புதுப் புடவை வைத்துக் கும்பிட வேண்டும். பிறகு அந்தப் புடவையைக் கல்யாணப் பெண் உடுத்திக்கொள்வாள்.

“உங்க வீட்ல யாரு செத்தது?”

கேட்டவருக்குப் பதில் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இந்தக் கிணற்றடியில்தான், இவர் ஒருவரிடம் மட்டும்தான் அவன் உண்மையைச் சொல்லியிருந்தான்.

“சுலோச்சனா.”

“அவங்க காட்பாடியில தையல் கடை வச்சிருக்காங்க.”

“ஆமாம்மா.”

“நல்லாத் தைக்கிறாங்களாம்.”

அவன் பெட்டிகளை மூடி வைத்தான்.

மனைவி யாரோடாவது ஓடியிருந்தால் ஊர் ஒரு மாதம் பேசிவிட்டு அவன் மேல் இரக்கப்பட்டிருக்கும். அவள் தனியாகப் போனாள். ஒரு தையல் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு குறையும் சொல்லாமல் போனாள். அப்படிப் போனவளைப் பற்றி ஊர் கேட்பது ஒரே கேள்விதான். அவன் என்ன செய்தான்?

அந்தக் கேள்விக்கு அவனிடமும் பதில் இல்லை. வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இடமாறுதல் வாங்கிக்கொண்டு வந்தான். காய்ச்சலில் போய்விட்டாள் என்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்கலங்கினார்கள். அது அவனுக்கு இதமாக இருந்தது.

“நோட்டைக் காட்டுங்க” என்றார் சாமியம்மா.

அவன் ஓவிய ஆசிரியர். ஐம்பத்தாறு வயதில், மகளின் கல்யாணத்தை வாடகைக்கு எடுத்த பூவாலும் துணியாலும் செய்யக் கூடாது என்று முடிவு செய்திருந்தான். நோட்டில் பக்கம் பக்கமாய் வரைந்து வைத்திருந்தான். வாசலில் பனையோலைக் கிளிகள். மேடைக்குப் பின்னால் அவனே தீட்டும் மரம். தாம்பூலப் பை ஒவ்வொன்றிலும் ஒரு பறவை, ஒன்று போல் ஒன்று இல்லாமல்.

ஒரு பக்கத்தில் மகள் தூரிகாவின் புகைப்படங்களை ஒட்டியிருந்தான். மண்டபத்தின் நுழைவில் வரிசையாக மாட்டுவதற்கு. ஆறு வயதுப் படத்தில் குழந்தையின் தோள் மேல் ஒரு கை மட்டும் இருந்தது. வளையல் போட்ட கை.

சாமியம்மா அதன் மேல் விரலை வைத்தார்.

“வெட்டினா பாப்பா தோளும் போயிடும். அதான் விட்டுட்டேன்” என்றான்.

“சரி, பொண்ணு என்ன சொல்லுது?”

அவன் பெருமூச்சு விட்டான். இதைச் சொல்லத்தான் வந்திருந்தான்.

“எதுவும் சொல்ல மாட்டேங்கிறா அம்மா. மரத்துக்கு என்ன நிறம்னு கேட்டா உங்க இஷ்டம்ங்கிறா. மாலைக்கு மல்லியா சம்பங்கியான்னு கேட்டா உங்க இஷ்டம். பதினோரு நாளா என்னை அப்பான்னு கூப்பிடலை. எனக்கு இருக்கிறது அவ ஒருத்தி. அவளையும் விட்டுட்டு நான் என்ன பண்ணப் போறேன்?”

“பதினோரு நாளைக்கு முந்தி என்ன ஆச்சு?”

“பத்திரிகை அச்சாகி வந்துச்சு.”

பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதிலிருந்த ஓவியமும் அவனுடையதுதான். சாமியம்மா ஓவியத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைக் கூட்டிக் கூட்டி உரக்கப் படித்தார்.

“தணிகாசலம், தெய்வத்திருமதி சுலோச்சனா ஆகியோரின் மகள்.”

“அந்தத் ‘தெய்வத்திருமதி’யை மட்டும் எடுக்கச் சொன்னா. அறுநூறு பத்திரிகை அடிச்சாச்சு, பாதி கொடுத்தும் ஆச்சு, இப்ப எடுத்தா ஊர் சிரிக்காதான்னேன்.”

“ஊர் சிரிக்கட்டுமே. மாப்பிள்ளை வீட்டுக்குப் பயப்படுறீங்களா?”

“மாப்பிள்ளைக்குத் தெரியும். அவளே சொல்லிட்டா. அவன் காட்பாடிக்குப் போய் அத்தைன்னு காலைத் தொட்டுட்டு வந்துட்டானாம். சம்பந்தியம்மாவுக்கு மட்டும் தெரியாது.”

“அப்ப யார்கிட்ட மறைக்கிறீங்க?”

தணிகாசலம் கிணற்றுச் சுவரைப் பார்த்தான். ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

“பதினோரு வருஷமாப் பொண்டாட்டி செத்தவனா இருந்திருக்கேன். இப்பப் போய் விட்டுட்டுப் போனவளோட புருஷனா எப்படி மேடையில நிக்கிறது?”

“அது கஷ்டம்தான்” என்றார் சாமியம்மா. கேலியாகச் சொன்னாரா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அதுக்கப்புறம் பொண்ணு வாயே திறக்கலையா?”

“ஒரே ஒரு தடவை. படையலைப் பத்திச் சொன்னப்ப. கும்பிட்ட புடவையை நீதாம்மா கட்டிக்கணும்னேன். என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம், ‘ஒண்ணு வேண்டாம், ரெண்டா எடுத்துடுங்க’ன்னா.”

“எடுத்துட்டீங்க.”

“உடனே போய் எடுத்தேன். அம்மாவுக்கு வச்சதைக் கட்டிக்க அவளுக்கு மனசு இல்லை போல. தனக்குன்னு ஒண்ணு கேட்கிறா. கேட்டாளே, அதுவே எனக்குப் போதும். கடையில எல்லாப் பச்சையையும் பிரிச்சுப் போடச் சொல்லி இதைத் தேடி எடுத்தேன். அவளுக்கு மயில்கழுத்துன்னா உசிரு.”

அவன் முகம் கொஞ்சம் மலர்ந்திருந்தது.

“இப்ப வீட்டையும் ஒழுங்கு பண்ண ஆரம்பிச்சிட்டா. சின்ன வயசுல வரைஞ்சு சுவத்துல ஒட்டினதையெல்லாம் பிரிச்சு எடுத்தா. வெள்ளையடிக்கணும்ல, அதுக்குத்தான். பழைய சர்டிபிகேட் எல்லாம் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டா. பொறுப்பு வந்துடுச்சு.”

சாமியம்மாவின் கை கீரையில் நின்றது. அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அவனைவிடப் பத்து வயது இளையவர். அந்தப் பார்வைக்கு முன்னால் அவன் எப்போதும் வீட்டுப்பாடம் எழுதாத மாணவனைப் போலத்தான் உணர்ந்திருக்கிறான்.

“ஒத்திகை பார்த்துடலாமா?” என்றார்.

“இப்பவா?”

“பனையோலைக் கிளிக்கே நீங்க ஒத்திகை பார்க்கிற ஆளாச்சே. வாங்க.”

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் இறைத்தார். பித்தளைச் செம்பில் ஊற்றி, இரண்டு மஞ்சள் துண்டைப் போட்டு, அவன் கையில் கொடுத்தார்.

“கூப்பிடுங்க.”

அவன் கிணற்றைப் பார்த்து நின்றான். உள்ளே கொஞ்சம் வானமும் அவன் தலையும் தெரிந்தன.

சுலோச்சனா இந்நேரம் ஏதோ ஒரு ரவிக்கை மேல் குனிந்திருப்பாள். இங்கே கூப்பிட்டால் அங்கே ஊசி நிற்குமா? முன்பெல்லாம் அவன் கூப்பிட்டால் சமையலறையிலிருந்து ஒரு பதில் வரும். ‘வர்றேன், ஓடியா போயிட்டேன்?’

“சுலோச்சனா” என்றான்.

“இன்னும் ரெண்டு தடவை.”

கூப்பிட்டான். கிணறு அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தது.

“வந்தாங்களா?”

“சடங்குதானே அம்மா இது.” அவனுக்கு எரிச்சலாக இருந்தது. “செத்துப்போனவங்க மட்டும் வந்துடுறாங்களா என்ன?”

“சரி. புடவையை வைங்க.”

துவைக்கிற கல்லைக் கழுவி, அதன் மேல் வாழையிலையை விரித்தார். அவன் செம்பை இலையில் வைத்தான். யோசித்து, அரக்குப் புடவையை எடுத்துச் செம்புக்கு முன்னால் வைத்தான். அதுதான் சரியாக இருந்தது. சுலோச்சனாவுக்கு அரக்கு எடுப்பாக இருக்கும் என்பது அவனுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

சாமியம்மா குனிந்தார். இன்னொரு பெட்டியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்து, அரக்குக்குப் பக்கத்தில், அதே இலையில் வைத்தார்.

“அம்மா, அது தூரிகாவுக்கு.”

“அவளுக்குத்தான்.”

விரலால் மஞ்சளைத் தொட்டுப் பச்சைப் புடவையின் முனையில் தடவினார்.

“ரெண்டா எடுக்கச் சொன்னது அவதானே? விட்டுட்டுப் போறவங்களுக்கு உங்க வீட்ல இதுதானே வழக்கம்?”

செம்பைத் தூக்கி மறுபடியும் அவனிடம் நீட்டினார்.

“இப்ப அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”