சீலாவின் இடதுபக்கக் கதவு

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் தொடங்கும் இடத்தில், தங்கபுஷ்பம் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகை இருந்தது. அவருக்கு நாற்பது வயது. அவரிடம் தொழில் கற்க வந்த இஞ்ஞாசி ரோச்சுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் ரோச் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்.

கப்பலில் இன்ஜினியராகப் போவதற்கு முன், இளவயதில், ரோச்சும் நண்பர்கள் சாகுலும் வேலாண்டியும் ஒரு பழைய காரை வாங்கினார்கள். கூரையை வெட்டித் தாழ்த்தினார்கள். பின்பக்கத்தை மீன்வால் போல நீட்டினார்கள். சீலா என்று ஒரு மீனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கண்காட்சிகளில் அதைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பிறகு ரோச் கடலுக்குப் போனார். சீலா ஓர் உப்புக் கிடங்கில் துருவேறிக் கிடந்தது.

ஓய்வுபெற்று வந்த மறு வருஷம் ரோச்சுக்குப் பக்கவாதம். வலது கை மடியிலேயே கிடந்தது. அது மெல்ல அசையத் தொடங்கியதும் நண்பர்கள் கிடங்கைத் திறந்து, காரைக் கட்டி இழுத்து, தங்கபுஷ்பத்தின் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

“நீயே செய்டே,” என்றார் சாகுல். “நாங்க பக்கத்துல இருக்கோம்.”

ரோச் துரு சுரண்டினார். பட்டி பூசித் தேய்த்தார். நண்பர்கள் தினமும் வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் கார் வேலை மறந்துபோயிருந்தது. “நல்லா வருதுடே” என்று மட்டும் சொல்வார்கள்.

பெயிண்ட் அடிக்கும் காலம் வந்தது. அது கண்ணாடி போன்ற நீலம். ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிசாக அடிக்க அடிக்க, தகரத்துக்குள் ஆழம் உண்டாகும். விடியற்காலையில் படகிலிருந்து குனிந்து பார்ப்பது போல இருக்கும். வெளியே போகும் மேகம் கதவுக்குள் மெதுவாக நீந்திப் போகும். ரோச் சில நேரம் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிடுவார். காலுக்கடியில் கப்பல் ஆடுவது போலத் தோன்றும்.

அப்படியொரு மாலையில் இடதுபக்கக் கதவை அவர் யார் உதவியும் இல்லாமல் அடித்து முடித்தார்.

“அருமை,” என்றார் வேலாண்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. சாகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வெயில் உப்புக் குவியல்களைத் தாண்டிச் சாய்வாக உள்ளே விழுந்தது. ரோச் கதவின் முன் நின்றார். நீலத்தின் நடுவே ஓர் அலை ஓடியது. கை நடுங்கிய இடம்.

“மாஸ்டர், இது நல்லா இருக்கா?”

தங்கபுஷ்பம் குனிந்து பார்த்தார். “இல்ல அண்ணாச்சி. இந்த இடத்துல வழிஞ்சிருக்கு.”

“அவங்க அருமைன்னாங்க.”

“என் காதுலயும் விழுந்துச்சு.”

“நோயாளின்னு பாவப்பட்டுப் பொய் சொல்லுதாங்க. இனிமே வராதீங்கன்னு இப்பத்தான் போன்ல சொல்லிட்டேன். மிச்சத்தை நீங்களே அடிச்சிருங்க. எனக்கு இது வேண்டாம்.”

தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தார். நண்பர்கள் உட்காரும் இரண்டு டிரம்களும் காரின் வலதுபக்கம் இருந்தன. பெயிண்ட் புகை படாத பக்கம் அதுதான்.

“அங்க போய் உக்காருங்க,” என்றார்.

ரோச் போய் உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் காலியான ஸ்பிரே கன்னை எடுத்துக்கொண்டு இடதுபக்கக் கதவின் முன் நின்றார். அடிப்பது போலவே கையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

“என்ன தெரியுது?”

கார் ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. அந்த வெளி வழியாக ரோச் பார்த்தார்.

“உங்க கை.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல. கை போகுது, வருது.”

“கதவு?”

ரோச் கழுத்தை நீட்டினார். பக்கத்து டிரம்முக்கு நகர்ந்தும் பார்த்தார்.

“அந்தப் பக்கம்லா இருக்கு. இங்கேருந்து எப்படித் தெரியும்?”

தங்கபுஷ்பம் நிறுத்தவில்லை. அவருடைய கை ஜன்னலுக்குள் நிதானமாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ரோச் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே உப்பளத்தில் யாரோ உப்பு வாரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார்.

“அப்போ, எதைப் பாத்து மாஸ்டர் அருமைன்னாங்க?” அவர் குரல் இறங்கியிருந்தது.

தங்கபுஷ்பம் கன்னைக் கீழே வைத்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

“கதவைப் பாக்க நான் இருக்கேன், அண்ணாச்சி. அவங்களை வரச் சொல்லுங்க.”