கூழைக்கடாவின் வேகமும் ஓணானின் வாயும்

ஏரி நடுவே ஒரு மண்திட்டு. அதில் நின்ற கருவேல மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன.

அந்தத் திட்டில் இடம் கேட்டுச் சண்டை போட்டுத் தோற்றுப்போன கூழைக்கடா என்ற பெரிய நீர்ப்பறவை ஒன்று, ஒரு நாள் பட்டப்பகலில் வெறியோடு திரும்பி வந்தது. உயரே போய், இறக்கையைச் சுருக்கிக்கொண்டு, நேராக ஒரு நாரையின் கூட்டில் வந்து மோதியது. கிளை முறிந்தது. குஞ்சுகள் அத்தனையும் செத்தன. கூழைக்கடாவும் செத்தது.

வாயில் மீனோடு வந்துகொண்டிருந்த தாய் நாரை இதைக் கண்ணால் பார்த்தது. திட்டிலிருந்த எல்லோரும்தான் பார்த்தார்கள்.

நாரை அழுது ஓய்வதற்குள் ஓர் ஓணான் கிளம்பியது. மரத்துக்கு மரம் தாவியதைத் தவிர அது வானத்தில் போனதே இல்லை.

"நல்லா யோசிச்சுப் பாருங்க! கூழைக்கடா என்ன கனம்! தாழ வரும்போது அசைஞ்சு அசைஞ்சுதானே பறக்கும்? 'கீழ வந்தா வேகம் கூடாது'ன்னு அதுங்களே குஞ்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்குது. நானே கேட்டிருக்கேன். அப்புறம் எப்படி அவ்வளவு வேகத்துல வந்திருக்க முடியும்?"

"அட, ஆமால்ல!" என்றது தவளை.

"அப்போ கிளையை முறிச்சது யாரு?" என்றது ஆமை.

ஓணான் குரலைத் தாழ்த்தியது. "நான் யாரையும் சொல்லல. கேள்விதான் கேக்குறேன். நாரை போயிட்டா அந்த இடம் யாருக்கு? பக்கத்துக் கிளையில இருக்குற நீர்க்காகங்களுக்குத்தானே! கிளையை முன்னாடியே கடிச்சு வெச்சிருந்தா?"

யாரையும் சொல்லவில்லையாம்! கேட்கவே பற்றிக்கொண்டு வருகிறதல்லவா? ஆனால் திட்டில் யாருக்கும் பற்றவில்லை. பார்த்த கண்ணை விட்டுவிட்டு, கேட்ட காதை நம்பினார்கள். சில நாளில் எல்லோரும் திரண்டு நீர்க்காகங்களின் மரத்தடிக்கு வந்துவிட்டார்கள்.

"இன்னைக்கே காலி பண்ணுங்க!"

"குஞ்சுங்க இன்னும் கண்ணே திறக்கல. எங்க தூக்கிட்டுப் போவோம்?" என்று நீர்க்காகம் கதறியது.

சத்தம் கேட்டுத் தாய் நாரை பறந்து வந்தது. விஷயம் தெரிந்ததும் அதற்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏய் ஓணானே! கீழ வேகமாப் பறக்கக் கூடாதுன்னு அதுங்க சொல்றது எதுக்கு? இறக்கை முறியும், உயிர் போகும்னுதான். பத்திரமா இறங்கி வீடு போய்ச் சேரணும்னு நினைக்கிறவனுக்குத்தான் அந்தப் பேச்சு. சாகத் துணிஞ்சு வந்தவனுக்கு என்ன?"

"சரி, இறக்கை முறிஞ்சுதா? நீ பார்த்தியா?"

"பார்த்தேன்! சிறகெல்லாம் பிஞ்சு தண்ணியில மிதந்துச்சே!"

"அது வாத்துச் சிறகா இருக்கும்."

"வாத்தோட சிறகு அவ்வளவு பெருசா இருக்குமாடா?"

ஓணான் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்ததற்குத் தாவியது. "எனக்கு இன்னொரு சந்தேகம். அந்தக் கூட்டுல குஞ்சே இருந்திருக்காது."

நாரை தன் அலகால் ஊட்டி வளர்த்த பிள்ளைகள் பிறக்கவே இல்லை என்கிறான் ஒருவன்!

சட்டென்று ஓணானைக் கவ்விக்கொண்டு எழும்பியது நாரை. மரங்கள் புல்லாகத் தெரியும் உயரம் வரை போனது. அங்கே இறக்கையைச் சுருக்கித் தலைகீழாகப் பாய்ந்தது.

"ஐயோ! மெதுவா! மெதுவா!" ஓணானின் அலறல் திட்டு முழுக்கக் கேட்டது. "முடியும்! இவ்வளவு வேகம் முடியும்! இதுக்கு மேலயும் முடியும்!"

தண்ணீரைத் தொடும் நேரத்தில்தான் நாரை இறக்கையை விரித்தது. சிறகுகள் சில பிய்ந்து பறந்தன. வலி உயிர் போவது போல இருந்தது. தள்ளாடி வந்து ஓணானைக் கூட்டத்தின் நடுவே போட்டது.

ஓணானுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு வாயும் வந்தது. "பயத்துல சொன்னேன்! அதெல்லாம் கணக்குல வராது! இந்த நாரையும் நீர்க்காகங்களோட கூட்டு!"

"உன்னை இப்பவே முழுங்கியிருப்பேன்" என்றது நாரை. "அப்புறம் 'உண்மையைச் சொன்னவனைத் தின்னுட்டா'ன்னு இன்னொருத்தன் கிளம்புவான். போய்த் தொலை!"

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. "இவனை விடுங்க. இவனுக்குப் பொழுது போகணும். நீங்க அன்னைக்குப் பார்த்தீங்களே! தவளையே, செத்த என் புள்ளைங்க உன் பக்கத்துலதானே வந்து விழுந்துச்சு? இந்தக் குஞ்சுகளையும் சாகடிச்சாத்தான் உங்க சந்தேகம் தீருமா?"

"விழுந்துச்சு" என்றது தவளை, தரையைப் பார்த்தபடி. "மூணு. ஒண்ணுக்கு உயிர் இருந்துச்சு. உன்னைத்தான் கூப்பிட்டுச்சு."

அதை நாரை அதுவரை அறிந்ததில்லை. அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொருவராக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கலைந்து போனார்கள். நீர்க்காகம் கூட்டிலிருந்து இறங்கி வந்து நாரையின் பக்கத்தில் நின்றது.

செய்யக் கூடாததைச் செய்யவே முடியாததாக்கி, அடுத்தவர் பிள்ளையின் சாவில் கதை கட்டுகிறவனைவிட, கண்ணால் பார்த்தும் அவனுக்குத் தலையாட்டுகிறவனே பெரிய பாவி.