ஜீப்புக்கு அடியில் செவலி

"டீச்சர், இந்த நாய்க்கு மண்டையில ஒண்ணுமே இல்ல."

வந்ததும் வராததுமாக மாதப்பன் சொன்னது இதுதான்.

மாதப்பன் வனக்காவலர். வேங்கை என்ற மோப்ப நாயோடு பதினோரு வருஷம் சந்தனக் கட்டைத் திருடர்களைத் துரத்திப் பிடித்தவர். வேங்கை போன தை மாசம் செத்துப்போனது. இப்போது அவரிடம் இருப்பது செவலி.

டீச்சர் பெயர் சலோமி. மாதப்பனைவிடப் பத்து வயசு சின்னவள். ஆனாலும் காட்டு இலாகாவில் நாய் பழக்குகிற அத்தனை பேருக்கும் அவள்தான் டீச்சர். அப்படி ஒரு கை அவளுக்கு!

"நாளைக்குப் பரீட்சை. பத்து சாக்குல ஒண்ணுல சந்தனத் துண்டு இருக்கும். இவ கண்டுபிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

மாதப்பன் கழுத்தில் தொங்கிய விசிலை உருட்டினார்.

"வேங்கையும் போயி, இவளும் போனா நான் என்ன பண்ணுவேன், டீச்சர்?"

"எப்படிப் பழக்குறீங்க?"

"வேங்கைக்குப் பண்ணதேதான். அதே விசில். அதே பந்து. 'தேடு!'ன்னு ஒரு அதட்டு போட்டா பாஞ்சு போவான்."

"செவலி?"

"ஜீப்புக்கு அடியில பூந்துக்கிறா. அதோ பாருங்க."

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

"பந்துன்னா வேங்கைக்கு உசுரு..."

"நான் செவலியக் கேட்டேன்."

மாதப்பன் குனிந்து ஜீப்புக்கு அடியில் பார்த்தார்.

டீச்சர் அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பத்து சாக்குகளை வரிசையாக வைத்து, ஒன்றில் சந்தனத் துண்டைப் போட்டாள்.

"ஜீப்புக்கு முதுகைக் காட்டித் தரையில உட்காருங்கண்ணே. பேசக் கூடாது."

"நான் சொல்லாம அது எப்படித் தேடும்?"

"உட்காருங்க."

பதினோரு வருஷ அனுபவம் லேசில் தரையில் உட்காருமா? உட்கார வைத்துவிட்டாள்.

எறும்பு கடித்தது. மாதப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்து, பிடரியில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது. பிறகு சருகில் காலடிச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

"திரும்பிப் பாருங்க."

ஏழாவது சாக்குக்குப் பக்கத்தில் செவலி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் சாக்கை உதறினாள். சந்தனத் துண்டு விழுந்தது.

"சபாஷ்டா!"

மாதப்பன் துள்ளி எழுந்து கத்தினார். வேங்கைக்குக் கத்துகிற அதே கத்தல்.

செவலி மறுபடி ஜீப்புக்கு அடியில்.

டீச்சர் துண்டை வேறொரு சாக்கில் போட்டாள். மாதப்பன் தானாகவே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

இந்தத் தடவை மூன்றாவது சாக்கு. சரியாகப் போய் உட்கார்ந்துவிட்டாள், கெட்டிக்காரி!

மாதப்பன் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"செவலி" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

அவள் வந்து அவர் மடியில் தலையை வைத்தாள். மாதப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

டீச்சருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"இப்பச் சொல்லுங்கண்ணே! இவளுக்கு என்ன பிடிக்கும்?"

மாதப்பன் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா, டீச்சர்."