உடைந்த சாமான் பெஞ்சு

ஆறுச்சாமியின் பட்டறைக்கு மூன்று பூட்டு. உள்ளே இருப்பதோ ஒரு பழைய லேத்தும் நாலு உடைந்த சக்கரமும். இதைத் தூக்க யார் வரப்போகிறார்கள் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். பயந்து கிடக்கிற மனுஷரிடம் நியாயம் பேச முடியுமா?

கோவையில் பம்பு செய்தே பிழைக்கிற தெரு அது. ஒருவர் வார்ப்பார், ஒருவர் கடைவார், ஒருவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவார். தெருக்கோடி டீக்கடை வாசலில் ஒரு பெஞ்சு. வேலையில் உடைந்த சாமானை அவரவர் கொண்டுவந்து அதில் வைத்துவிட்டுப் போவார்கள். டீ குடிக்க வருகிறவர் எடுத்துப் பார்த்து, தோன்றியதைச் சொல்வார். யாருடையது என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆறுச்சாமி மூன்று வருஷமாக அதில் ஒன்றையும் வைக்கவில்லை. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்துக்கு அவர் புது மாதிரி இறக்கை கண்டுபிடித்திருந்தார். முக்கால் பங்கு கரண்டில் அதே தண்ணீர். வியாழக்கிழமை ஒரு பெரிய கம்பெனி ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ஒரு மணி நேரம் ஓடினால் ஆர்டர். ஓடாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். இதுவரை செய்த நாலும் இருபதாவது நிமிஷத்தில் விரிசல் விட்டுவிட்டன. இன்று செவ்வாய்.

காலை பத்து மணிக்கு, துண்டில் சுற்றிய மூட்டையோடு பிரேமலதா டீச்சரிடம் போனார். பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு அந்தத் தெருவில் பம்பு சோதித்துத் தருகிறவர். ஆறுச்சாமியைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் பம்பைப் பற்றி ஆறுச்சாமிக்குத் தெரிந்ததில் பாதி டீச்சர் சொல்லித் தந்தது.

"ஜன்னலைச் சாத்திக்கட்டுங்களா, டீச்சர்?"

"சாத்துங்கண்ணா. வேர்த்துச் சாகப்போறது நாம ரெண்டு பேருதான்."

"கண்டுபிடிச்சதை அடுத்தவன் கண்ணுல படாம வெச்சுக்கறது எப்படிங்க?"

"இதுவரைக்கும் எப்படி வெச்சிருந்தீங்க?"

"வார்ப்புக்காரர் பொன்னுரங்கத்துக்கிட்ட இறக்கையைத் தடிமனா வார்க்கச் சொல்லிருவேன். அப்புறம் உள்ள பூட்டிக்கிட்டு நானே அரம் போட்டு ராவி மெலிசாக்கிக்குவேன். அவருக்கே நெச வடிவம் தெரியாதுங்க."

"கெட்டிக்காரத்தனந்தான். அப்புறம் எதுக்கு மூட்டையைத் தூக்கிட்டு வந்தீங்க?"

ஆறுச்சாமி துண்டை அவிழ்த்தார். டீச்சர் ஒரு சக்கரத்தை எடுத்தார், செருப்பை மாட்டினார், வெளியே நடந்தார்.

"டீச்சர், வேண்டாங்க."

அவர் திரும்பவில்லை. டீக்கடைப் பெஞ்சின் நடுவில் சக்கரத்தை வைத்து, "ரெண்டு டீ" என்றார்.

ஆறுச்சாமி பின்னாலேயே ஓடிவந்தார். நாலு பேர் வந்தார்கள். ஐந்தாவதாக வந்தவர் பொன்னுரங்கம். சக்கரத்தைக் கையில் எடுத்ததும் அது தன் வார்ப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, முகம் காட்டிக்கொடுத்தது. ஆனாலும் அவர் ஆறுச்சாமி பக்கம் பார்க்கவில்லை. ஆறுச்சாமிக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பொன்னுரங்கம் இறக்கையின் அடியில் கட்டைவிரலை ஓட்டினார்.

"வார்த்தவன் இங்க உருட்டா வளைவு விட்டுத்தான் குடுத்திருக்கான். எந்தப் புண்ணியவானோ ராவி ராவி அதைக் கூர் மூலையாக்கிட்டான். அங்கதான் விரிசல் பிடிக்குது. மெலிசா வேணும்னு வாயைத் தொறந்து சொன்னா, வளைவோட மெலிசாவே நாளைக்கு வார்த்துக் குடுத்திரலாம்."

ஆறுச்சாமியின் டீயில் ஆடை கட்டியது.

கம்பி சுற்றுகிற தாமோதரன் சக்கரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "இறக்கை வளைசல் புதுசா இருக்கே. கரண்டு மிச்சம் பிடிக்கும்போல."

பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் அந்த வளைசலை வரைந்துகொண்டான்.

கூட்டம் கலைந்தது. ஆறுச்சாமி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"போச்சுங்க டீச்சர். அடுத்த மாசம் தெருவுல பத்துப் பேரு இதையே செய்வாங்க."

"செய்வாங்க."

இல்லை என்று டீச்சர் சொல்வார் என ஆறுச்சாமி எதிர்பார்த்திருந்தார்.

"என்னைவிட ஒருத்தன் நல்லாச் செஞ்சுட்டா?"

டீச்சர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"அவனோடதும் ஒரு நாள் உடையும். இந்தப் பெஞ்சுக்குத்தான் வரும். அன்னிக்கு நீங்க டீ குடிக்க வந்துருங்கண்ணா."