சவ்வாது மணந்த சிவப்புக் கார்

மலைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு காட்டில், கரையான் புற்றுகள் நிறைந்த மேட்டில், சுருளி என்ற முள்ளெலி தன் மனைவி பவுனுவோடு வாழ்ந்து வந்தது. சுருளி நல்ல உழைப்பாளி. ஆனால் வெட்கம் அதிகம். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே அதன் காது சூடாகிவிடும். அடுத்த நொடி உடம்பைச் சுருட்டி முள்பந்தாகிவிடும்.

பவுனு அப்போது கர்ப்பமாக இருந்தது. ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம். மழை தொடங்கிவிட்டால் அந்த ஏற்றத்தில் பஸ் வராது.

"வலி வந்தா என்னால நடக்க முடியாதுங்க. சின்னதா ஒரு பழைய கார் வாங்கிடலாம். அழகா இல்லாட்டிப் பரவாயில்லை. ஏத்தம் ஏறினா போதும்" என்றது பவுனு.

அவர்களுடைய சேமிப்பு புதுக் காருக்குப் போதாது. பழைய கார் ஒன்றுக்குத்தான் சரியாக இருக்கும். ஒரு தடவை தவறினால் மறு தடவை வாங்க வழியில்லை. அதனால் சுருளி துணைக்குத் தன் நண்பன் கொண்டையனை அழைத்துக்கொண்டது.

கொண்டையன் ஒரு மரங்கொத்தி. அந்தக் காட்டில் யார் மரம் வாங்கினாலும், வண்டி வாங்கினாலும் கொண்டையன் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட வேண்டும். சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும். மனதில் பட்டதை மறைக்காது. மெதுவாகப் பேசவும் தெரியாது.

பழைய கார்கள் விற்கும் கடைக்கு இருவரும் போனார்கள். கடை முதலாளி ஒரு புனுகுப்பூனை. பெயர் சவ்வாது. அது வருவதற்கு முன்பே அதன் நறுமணம் வந்துவிடும்.

"வாங்க அண்ணே, வாங்க! நம்ம வீட்டுக்கு வர இத்தனை நாளா?" என்று கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தது சவ்வாது. ஒரு தட்டு நிறைய வறுத்த ஈசலும், ஆவி பறக்கும் சுக்குக் காப்பியும் வந்தன.

சுருளி ஈசலைக் கொறிக்கத் தொடங்கியது. கொண்டையன் நாற்காலிப் பக்கமே போகவில்லை. மூலையில் நின்ற சாம்பல் நிறக் கார் ஒன்றின் மேல் உட்கார்ந்து, டொக், டொக் என்று தட்டியது.

"சுருளி! இது தேறும்டா!" என்று அங்கிருந்தே கத்தியது. "கதவு நசுங்கியிருக்கு, சீட்டு கிழிஞ்சிருக்கு. ஆனா தகடெல்லாம் கெட்டி!"

பிறகு பளபளவென்று நின்ற சிவப்புக் காருக்குத் தாவியது. டொக், டொக், டப்.

"ஆகா! இங்கே ஓட்டையைப் பட்டி பூசி அடைச்சு மேலே பெயின்ட் அடிச்சிருக்கு! முதலாளி, அந்தக் கால்மிதியைத் தூக்கிக் காட்டுங்க! உள்ளே துரு இருக்கும்!"

கடையில் இருந்த மான்களும் முயல்களும் திரும்பிப் பார்த்தன. சுருளியின் காது சூடாகியது.

சவ்வாது கோபப்படவில்லை. முகத்தைத்தான் வாட வைத்துக்கொண்டது. "தட்டட்டும் அண்ணே, பரவாயில்லை. இத்தனை வருஷத்துல இந்தக் கடையில யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. மரியாதை தெரிஞ்சவங்க என் முகத்தைப் பார்த்தே வாங்கிட்டுப் போவாங்க. காலம் மாறிடுச்சு போல" என்றது.

சுருளிக்கு வாயில் இருந்த ஈசலை விழுங்க முடியவில்லை. இவர் கொடுத்ததைத் தின்றுகொண்டே இவரைச் சந்தேகப்படுவதா? ஓடிப்போய்க் கொண்டையனிடம், "போதும்டா. நீ கொஞ்சம் வெளியே இரு" என்று கிசுகிசுத்தது.

"ஏண்டா? பொண்டாட்டியை ஏத்திக்கிட்டு மலை ஏறப்போற வண்டி. தட்டினா உனக்கு என்ன போகுது?"

"மானம் போகுது."

"ஆஸ்பத்திரிக்கு மானத்துலயா ஏறிப் போகப்போறே?" என்று கேட்டுவிட்டுக் கொண்டையன் விருட்டென்று பறந்து போய்விட்டது.

சவ்வாது சிவப்புக் காரின் கதவைத் திறந்தது. உள்ளே உட்கார்ந்ததும் நறுமணம் சுருளியைச் சூழ்ந்துகொண்டது. ஆனால் முள்ளெலியின் மூக்கு லேசுப்பட்டதல்ல. அந்த நறுமணத்துக்கு அடியில் வேறொரு வாசனை மெல்லியதாகக் கசிந்தது. ஆற்றுச் சேற்றின் வாசனை.

'இது வெள்ளத்தில் கிடந்த வண்டியா?' என்ற கேள்வி அதன் நாக்கு நுனிவரை வந்தது.

"என்ன அண்ணே யோசனை? ஏத்தத்துல ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணுமா? சும்மா சொல்லுங்க" என்றது சவ்வாது, புண்பட்டவரைப் போலச் சிரித்துக்கொண்டு.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு? உங்களை எனக்குத் தெரியாதா?" என்றது சுருளி.

உண்மையில் அது சவ்வாதைப் பார்த்ததே அன்று காலையில்தான். சேமிப்பு முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிட்டுச் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு கிளம்பியது.

வீட்டு வாசலில் காரைப் பார்த்த பவுனு, "பளபளன்னு இருக்கே! ஏத்தத்துல ஓட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டது.

"ம்" என்றது சுருளி, மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

சமதரையில் கார் நன்றாகவே ஓடியது.

மழை தொடங்கிய ஒரு மத்தியானம் பவுனுவுக்கு வலி வந்தது. சுருளி மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் புறப்பட்டது. முதல் வளைவைத் தாண்டியதும் கார் இருமியது. இரண்டாவது வளைவில் புகை கக்கி, ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. என்ன செய்தும் கிளம்பவில்லை.

மழைநீர் அடித்தகட்டின் ஓட்டை வழியே உள்ளே ஏறியது. கால்மிதி மிதந்தது. அதன் அடியிலிருந்து பழைய வண்டல் கரைந்து வந்தது. நறுமணம் போன இடம் தெரியவில்லை.

பவுனு வலியைப் பொறுத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சியது. "இது ஆத்துச் சேறு. உங்க மூக்குக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சது."

"கேட்டீங்களா?"

"வெட்கமா இருந்தது."

பவுனு திட்டவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டது. திட்டியிருந்தால்கூடச் சுருளிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் கீழேயிருந்து ஒரு வேன் வரும் சத்தம் கேட்டது. ஓட்டியது காட்டெருமை. எந்தச் சேற்றுக்கும் அஞ்சாத பெரிய வேன். உள்ளே மலைக்கு அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போகும் கூட்டம். பாதிப் பேர் சுருளிக்குத் தெரிந்தவர்கள். எல்லாரையும் கேலி செய்யும் குரங்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

காரிலிருந்து இறங்கி நின்ற சுருளி, பழக்கதோஷத்தில் பாதையோரம் சுருண்டு பந்தாகிவிட்டது. பந்துக்குள் இருட்டு. அங்கே யாருடைய கண்ணும் இல்லை. ஆனால் பவுனுவின் முனகல் மட்டும் முள்களைத் தாண்டி உள்ளே வந்தது. வேன் நெருங்கியது. காரைச் சுற்றிக்கொண்டு போகத் திரும்பியது.

சுருளி உடம்பை விரித்துக்கொண்டு பாதையின் நடுவில் போய் நின்றது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!"

குரங்கு தலையை நீட்டியது. "அட, நம்ம சுருளி! புது வண்டியை என்னப்பா, மழையில குளிப்பாட்டுறியா?"

"ஏமாந்துட்டேன்" என்றது சுருளி. எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னது. "கொண்டையனை முழுசாத் தட்டிப் பார்க்க விடலை. ஏத்தத்துல ஓட்டிப் பார்க்கலை. கேக்க வேண்டியது ஒண்ணையும் கேக்கலை. பவுனுவுக்கு வலி வந்துடுச்சு. தயவுசெஞ்சு ஏத்திக்கோங்க."

குரங்கு சிரித்தது. இன்னும் இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே இறங்கி, பவுனுவைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். ஒரு பெண்மயில் தன் சால்வையை விரித்துப் படுக்க வைத்தது. அடுத்த வளைவு வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நான்கு குட்டிகள் பிறந்தன. மூன்று நன்றாக இருந்தன. ஒன்று மட்டும் நோஞ்சானாக இருந்தது.

நாரை டாக்டர் வெளியே வந்து இரண்டு மருந்துப் புட்டிகளைச் சுருளியிடம் கொடுத்தார். எந்தக் குட்டிக்கு எது, எப்போது, எவ்வளவு என்று மளமளவென்று சொல்லி முடித்தார். "புரிஞ்சுதா?"

நடைபாதை முழுக்க ஆட்கள் இருந்தார்கள். சுருளியின் தலை தானாக ஆடத் தொடங்கியது. அதைப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

"புரியலை டாக்டர். மறுபடி சொல்லுங்க."

டாக்டர் மறுபடி சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர். இன்னும் ஒரே ஒரு தடவை."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுருளியின் காது நெருப்பாக எரிந்தது. ஆனாலும் அது சுருண்டுகொள்ளாமல், டாக்டரின் முகத்தையே பார்த்தபடி நின்றது.

நீதி: கேட்க வேண்டிய நேரத்தில் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், பிறகு அதைவிடப் பெரிய வெட்கத்தைச் சுமக்க நேரிடும்.